கோடியக்கரையில் "ஒண்ணுமே இல்ல"யாம்!

டிசம்பர், ஜனவரி விடுமுறை வந்தால் போதும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் ரோட்டில் வேன்களும் பைக்குகளும் வரிசை கட்டும். காலேஜ் பசங்க ஒரு கூட்டம். குடும்பத்தோடு வருபவர்கள் ஒரு கூட்டம். வேளாங்கண்ணி போய்விட்டு "அப்படியே இதையும் பாத்துடலாம்" என்று வண்டியைத் திருப்புபவர்கள் ஒரு கூட்டம். சாயங்காலம் திரும்பும்போது பாதிப் பேர் வாயில் ஒரே வசனம்தான்:

"ஒண்ணுமே இல்லப்பா. வெறும் சேறு, வெயில், நாலு மான். அவ்வளவுதான்."

கேட்பதற்குச் சாதாரணமான பேச்சு. ஆனால் தமிழ்நாட்டுக் கடலோரச் சதுப்புகளுக்கு இந்த ஒரு வசனம் செய்த கெடுதலை எந்தத் துப்பாக்கியும் செய்ததில்லை. வேனில் வந்து போகிறவர் சொன்னால் அது ஏமாற்றம். அதையே ஒரு அதிகாரி ஃபைலில் எழுதினால் அது தரிசு. ஒரு முதலாளி காதில் விழுந்தால் அது பிளாட்! மூன்று பேரும் பார்ப்பது ஒரே நிலத்தை, ஒரே கண்ணால்.

சரி, முதலில் அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

கோடியக்கரை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பூங்குழலிதான். கல்கியின் பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடுவான். சமதரை என்று நினைத்து ஓடுகிற ஆள் சேற்றில் இறங்கி மூழ்கப் பார்ப்பான். கடைசியில் அவள்தான் கரையேற்றுவாள். குதிரையேற்றம், வாள்வீச்சு எல்லாம் தெரிந்த வீரனுக்கு அந்த மண் தெரியவில்லை. ஓடக்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் கதை அதேதான். வருகிறவன் தட்டையான வெளியைப் பார்க்கிறான். அங்கேயே இருப்பவருக்கு எது தரை, எது சேறு, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் என்று தெரியும்.

வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை கோடியக்கரை. அங்கிருந்து மேற்கே அதிராம்பட்டினம் பக்கம் வரை சுமார் 48 கிலோமீட்டருக்கு ஒரே சதுப்பு நீண்டு கிடக்கிறது. நடுவில் தலைஞாயிறு காடு. மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. 1967இல் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது முனையில் உள்ள 17.26 சதுர கிலோமீட்டர்தான். 2002 ஆகஸ்டில் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது கணக்கில் வந்த பரப்போ 385 சதுர கிலோமீட்டர்! இருபது மடங்குக்கும் மேல். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் இடம் பிடித்த இடம் இதுதான். அதன்பின் இருபது வருடம், 2022 வரை, வேறு எந்த இடமும் சேரவில்லை.

அதாவது வேனில் வருபவர் பார்ப்பது முனையை மட்டும். கலங்கரை விளக்கம், ராமர் பாதம், புல்வெளியில் வெளிமான், காட்டுக்குள் திரியும் மட்டக்குதிரைகள், பையைப் பிடுங்கும் குரங்குகள். ஊரே பேசும் பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் இருப்பது சதுப்புப் பக்கம். வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு "உள்ளே யாருமே இல்லை" என்று திரும்பி வந்த கதை இது.

அடுத்து, அந்த "வெறும் சேறு".

பல் துலக்கும்போது கையில் ஒட்டும் பேஸ்ட் மாதிரி வழவழவென்று இருக்கும் அந்தச் சேற்றுக்குள் புழுக்கள், பொடி நத்தைகள், சின்னச் சின்னச் சிப்பிகள், குட்டி நண்டுகள். மேல் தோலில் பாசி. பறவைகளுக்கு அது சாப்பாட்டுத் தட்டு. ஆளுக்கு ஒரு அளவில் அலகு இருப்பதும் அதனால்தான். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, மேலே ஓடுவதைக் கொத்தும். உள்ளான்களுக்குக் கொஞ்சம் நீளம், ஓரிரு அங்குலம் வரை துழாவும். கோட்டானுக்கு வளைந்த நீள அலகு, ஆழத்தில் பதுங்கியிருப்பதை இழுத்து எடுக்கும். ஒரே சேற்றில் மேல்மாடி, கீழ்மாடி என்று பங்கு பிரித்துக்கொண்டு சாப்பிடுகின்றன, பந்தியில் அடிதடி இல்லாமல்.

பூநாரை சாப்பிடும் முறை இன்னும் விசேஷம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கை பம்பு மாதிரி அடித்துத் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடையில் பாசியும் பொடி இறாலும் தங்கிவிடும். அந்தத் தீனியில் இருக்கும் நிறமிதான் சிறகின் ரோஜா நிறத்துக்குக் காரணம். சேறும் உப்புத் தண்ணீரும் இல்லாவிட்டால் அந்த நிறமே கிடையாது. "சேறு வேண்டாம், பூநாரை மட்டும் வேண்டும்" என்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

பூநாரையாவது பெரிய பறவை. கண்ணில் படும். கொசு உள்ளான் என்று ஒன்று வருகிறது. எடை சுமார் 30 கிராம். நாலு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கரையோரத் துந்திரப் பிரதேசத்தில். அங்கே பனி கட்டத் தொடங்கியதும் 6,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து இங்கே வருகிறது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையம் போட்டு, எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்து வருகிறார்கள். விசா வாங்கி விமானம் ஏறி சைபீரியா போக நம்மால் முடியாமல் இருக்கலாம். சைபீரியா வருஷாவருஷம் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வருகிறது! அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஒண்ணுமே இல்ல"!

கோளாறு எங்கே? கண்ணில்தான். பறவை என்றால் கூண்டில் இருக்கும், மிருகம் என்றால் கம்பிக்குப் பின்னால் பெயர்ப்பலகையோடு இருக்கும் என்று வண்டலூர் சொல்லிக் கொடுத்துவிட்டது. டிவி இன்னும் மோசம். மூன்று மாதம் காத்திருந்து எடுத்த காட்சியை மூன்று நிமிடத்தில் காட்டுகிறது. அதே அவசரத்தோடு சேற்றங்கரையில் போய் நின்றால் சேறு எப்படிப் பதில் சொல்லும்? மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் வந்து, பத்து நிமிடம் நின்று, ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, "எங்கடா பறவை?" என்று கேட்டால் பறவை என்ன செய்யும், வந்து வணக்கம் சொல்லுமா?

இதைவிட மோசமான இன்னொரு வகை உண்டு. தூரத்தில் கூட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உக்காந்திருந்தா போட்டோ நல்லா இருக்காது, பறக்க விடு மச்சி" என்று கல்லை எடுப்பவர்கள், கை தட்டுபவர்கள், சேற்றில் இறங்கி ஓடுபவர்கள். இப்போது ட்ரோன் வேறு. ஆயிரம் பறவை ஒன்றாக எழும்பும் படம் அழகாகத்தான் இருக்கும். லைக் குவியும். ஆனால் அந்தப் படத்துக்கு யார் பணம் கட்டினார்கள்?

அந்த 30 கிராம் பறவைக்கு கோடியக்கரை பிக்னிக் ஸ்பாட் இல்லை, பெட்ரோல் பங்க். திரும்பிப் போகும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இங்கேதான் உடம்பில் ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் எரிகிறது, தின்னும் நேரமும் போகிறது. காலையில் ஒரு குரூப், பத்து மணிக்கு ஒரு குரூப், சாயங்காலம் ஒரு குரூப் என்று விரட்டினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? பாதி டேங்கில் இமயமலையைத் தாண்டச் சொல்கிறோம்.

"சும்மா கை தட்டினதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1972ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் கொல்வது, பிடிப்பதோடு விரட்டுவதும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 27ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆக, கேமராவோடு விரட்டுகிறவர் தன்னை இயற்கை ஆர்வலர் என்று நினைத்துக்கொள்ளலாம். சட்டம் அவரை வேறு பெயரில் கூப்பிடுகிறது.

சரி, வேனில் வந்தவர்களைத் திட்டியாயிற்று. அவர்களை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் அது நியாயமில்லை. ஏனென்றால் அரசாங்கத்தின் பாஷையும் அதேதான்.

இந்தச் சதுப்பில் சுமார் 15,000 ஹெக்டேருக்கு ராம்சர் ஆவணத்தில் இருக்கும் பெயர் என்ன தெரியுமா? "அளக்கப்படாத உப்புச் சதுப்பு". பெயரே அதுதான்! சென்ட் கணக்கில் மனைக்கட்டு அளக்கும் நாட்டில், 15,000 ஹெக்டேர் நிலத்துக்கு "அளக்கவில்லை" என்பதே பெயராகிப் போனது. மத்திய அரசு அவ்வப்போது வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பைப் பாருங்கள். நீர் தேங்கிய சதுப்பு நிலம் என்று ஒரு வகை, உப்புப் பாதித்த நிலம் என்று ஒரு வகை. இரண்டும் தரிசுக் கணக்கில்! ஒரு கையால் சர்வதேச முக்கியத்துவம் என்று சான்றிதழ் வாங்குகிறோம். இன்னொரு கையால் அதே மாதிரி நிலத்துக்குத் தரிசு என்று முத்திரை குத்துகிறோம்.

தரிசு என்று சொன்னதும் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1990களில் இதே நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் முளைத்தன. உப்பு நிலம் சும்மாதானே கிடக்கிறது, அந்நியச் செலாவணி வருமே என்ற பேச்சு. பக்கத்து வயல் உப்பாகிப் போனதும், குடிதண்ணீர் கெட்டதும் பிறகுதான் தெரிந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் கிராம மக்களோடு போராடி உச்சநீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பிறகு? 2005இல் தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்று வழி திறந்தார்கள். 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை இன்னும் அகலமாக்கினார்கள். கோர்ட்டில் ஜெயித்தாலும் "சும்மா கிடக்கிற நிலம்" என்ற நினைப்பை ஜெயிக்க முடியவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் பாடம் இருக்கிறது. பள்ளிக்கரணை. கழுவெளி என்று அழகான தமிழ்ப் பெயர் இருந்த இடம். அதில் பெருங்குடிப் பக்கம் மாநகரின் குப்பையைக் கொட்டினார்கள். சுற்றிலும் கட்டிடம் கட்டினார்கள். அந்தப் பெரிய சதுப்பில் இன்று மிஞ்சியது ஒரு துண்டுதான். 2015 டிசம்பரில் தண்ணீர் வேளச்சேரி வீடுகளுக்குள் வந்து நின்றபோது எல்லோரும் மழையைத் திட்டினார்கள். தண்ணீர் தன் பழைய விலாசத்துக்குத்தான் வந்தது. 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் பட்டம் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் குப்பை மேடு முதலில் வந்தது, பட்டம் அப்புறம் வந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். "பறவை பறவைனு பேசுறீங்களே, அங்க இருக்கிற மனுஷன் பிழைக்க வேண்டாமா? உப்பளத்தை மூடச் சொல்றீங்களா?"

யாரும் மூடச் சொல்லவில்லை. அகஸ்தியன்பள்ளி உப்பு இந்த நாட்டின் சரித்திரத்தில் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பிய ராஜாஜியின் படை நடந்தே வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். இன்னொன்றும் உண்டு. உப்பளத்தில் கடல்நீரை முதலில் தேக்கும் ஆழமில்லாத பாத்திகளில் பறவைகள் மேய்கின்றன. வெயிலில் கால் வெடிக்க உப்பு வாருகிற தொழிலாளிக்கும் பூநாரைக்கும் சண்டையே கிடையாது. ஒரே பாத்திக்கரையில் இருவரும் நிற்கிறார்கள்.

சண்டை வேறு இடத்தில். தொழிற்சாலைக்கான உப்புக்காகச் சதுப்பைக் கரை போட்டுத் தடுத்துக்கொண்டே போவதும், உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரைச் சதுப்பிலேயே திருப்பி விடுவதும் ஒரு பக்கம். ஆறுகளில் நல்ல தண்ணீர் குறைவது இன்னொரு பக்கம். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் முத்துப்பேட்டைப் பக்கம் வந்து சேரும் காவிரியின் கடைசிக் கைகள். காவிரியில் தண்ணீர் வராவிட்டால் கடைமடை விவசாயி கத்துவது பேப்பரில் வரும். அவருக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில், இந்தச் சதுப்பு இருக்கிறது. அதற்குக் கத்தத் தெரியாது. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் அளவு கெட்டுப் போனால் முதலில் பாசி மாறும், பிறகு புழு போகும், அப்புறம் பறவை வராது. கடைசியாக ஒரு வேன் வந்து நிற்கும். அதிலிருந்து இறங்குபவர் "ஒண்ணுமே இல்ல" என்பார். அன்றைக்கு அவர் சொல்வது உண்மையாக இருக்கும்!

பிழைப்பு என்று பேச ஆரம்பித்தால் மீனவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். இறால், மடவை, கொடுவா எல்லாம் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்வது இந்த மாதிரிக் கழிமுகத்திலும் சதுப்பிலும்தான். சதுப்பு என்பது கடலுக்குத் தொட்டில். தொட்டிலைத் தரிசு என்று எழுதிவிட்டு, வலையில் மீன் இல்லை என்று அழுவதில் பொருள் இல்லை. ஹோட்டலில் கொடுவா மீன் வறுவல் கேட்பவருக்கும் இந்தச் சேற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது. தட்டில் வந்தால் ருசி, தரையில் கிடந்தால் சேறா?

"அப்போ யாருமே அங்க போகக் கூடாதா?"

தாராளமாகப் போகலாம். போக வேண்டும். ஆளே எட்டிப் பார்க்காத இடத்துக்குப் பரிந்து பேசவும் ஆள் இருக்காது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி அகல ரயில் பாதையும் திறந்தாயிற்று. இனிமேல் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது. எப்படிப் போவது என்பதுதான் விஷயம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழைத் தண்ணீர் சதுப்பில் நிற்கும் சமயம் பார்த்துப் போகலாம். விடிந்ததும் போகலாம், மத்தியானம் வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதி உள்ள வழியில் மட்டும் நடக்கலாம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருக்குக் கூலி கொடுத்து, அவர் காட்டுவதைப் பார்க்கலாம். பத்து பேரில் ஒருவர் பைனாகுலர் கொண்டு வந்தால் பத்து பேரும் பார்க்கலாம். அட்டகாசமான டிரஸ் வேண்டாம், மங்கலான நிறம் போதும். பாட்டுப் பெட்டி வீட்டில் இருக்கட்டும். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால், நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிட வேண்டும், முடிந்தால் இரண்டு எட்டு பின்னால் வர வேண்டும். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் போதும். முதலில் சேறு நகர்வது மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அது சேறு இல்லை, சேற்று நிறத்தில் ஐந்நூறு உள்ளான்!

இதற்குப் பணம் தேவையில்லை. பொறுமை போதும். அதுதான் இப்போது விலை கூடிய சரக்கு.

ஊர் திரும்பியதும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. யாராவது "கோடியக்கரைல என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பது முக்கியம். "ஒண்ணுமே இல்ல" என்பது கேட்கிறவர் மனதில் போய் உட்காரும். அவர் நாளைக்கு வி.ஏ.ஓ. ஆகலாம், இன்ஜினியர் ஆகலாம், கலெக்டராகவே ஆகலாம். என்றைக்காவது ஒரு ஃபைல் அவர் மேஜைக்கு வரும். அதில் ஒரு சதுப்பின் பெயர் இருக்கும், எதிரே பயன்பாடு என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதப்போகிறார் என்பதை, வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்ன பதிலும் தீர்மானிக்கும்.

ஆகவே மக்களே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்கத் தெரியவில்லை என்றால் "பார்க்கத் தெரியவில்லை" என்றே சொல்லுங்கள். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.